விறகும் கணக்கும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் கெல்லிங்லி என்றொரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 2015 டிசம்பர் 18 அன்று அதன் கடைசி முறைப் பணியாளர்கள் மேலே வந்து சேர்ந்ததோடு, பிரிட்டனில் ஆழ்சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டும் தொழில் முடிவுக்கு வந்தது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத டிராக்ஸ் கிராமத்தில்தான் அந்நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. கெல்லிங்லியின் கரியைத் தின்று வளர்ந்த நிலையம் அது. சுரங்கம் மூடப்பட்ட அந்த நாட்களில் அதன் கொதிகலன்களுக்கு வேறோர் எரிபொருள் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கப்பலில் கடந்து வந்த மரம். காலடியில் கிடந்த கரியை விட்டுவிட்டுக் கடலுக்கு அப்பாலிருந்து விறகு வாங்கி எரிப்பதே காற்றில் கரியமில வாயுவைக் குறைக்கும் வழி என்று பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கென மானியமும் கொடுத்தது.

இலக்கியம் பேசக் கூடியவர்கள் விறகைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள். ஒன்று, இது முதலில் ஒரு சொல்லைப் பற்றிய பிரச்சினை. 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று நாளிதழ்களும் பாடநூல்களும் நாமும் எழுதிவருகிறோம். சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர், மரம் ஆகிய நான்கையும் அந்த ஓர் அடைமொழிக்குள் கட்டிவைத்திருக்கிறோம். அந்தக் கட்டு சரியானதுதானா என்று மொழியோடு புழங்குகிறவர்களாவது ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். மற்றொன்று, எங்களுக்குள்ளேயே எழுந்த ஒரு கருத்து வேறுபாடு. மரத்தை எரித்து மின்சாரம் எடுப்பது வெறும் மோசடி என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, முதுகுளத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த இன்னொரு நண்பர் அதை மறுத்தார். அவர் ஊரில் விறகுதான் மழை பொய்த்த ஆண்டுகளில் சோறு போட்டது. இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன. அந்த வாரங்களின் வாசிப்பும் விவாதமும்தான் இக்கட்டுரை.

முதலில் டிராக்ஸ் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். 1970களில் தொடங்கி 1986இல் முழுமை பெற்ற இந்நிலையத்தில் ஆறு உற்பத்திப் பிரிவுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 660 மெகாவாட் திறன் கொண்டவை. 2013 முதல் 2018 வரையிலான காலத்தில் அவற்றில் நான்கு, நிலக்கரியிலிருந்து மரத்திற்கு மாற்றப்பட்டன. எரிபொருளாக வருவது விறகுக் கட்டையல்ல, பெல்லட் என்று சொல்லப்படும் சிறு குச்சிகள். மரத்தைச் சீவி, உலர்த்தி, மாவாக அரைத்து, மிகுந்த அழுத்தத்தில் துளைகளின் வழியே பிதுக்கி எடுக்கிறார்கள். மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகிப் பசைபோல் பிடித்துக்கொள்வதால் தனியே ஒட்டுப்பொருள் தேவைப்படுவதில்லை. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு நீர். அந்நீரை வெளியேற்றினால்தான் கப்பலில் ஏற்றுவது கட்டுப்படியாகும். அதற்கும் எரிபொருள் வேண்டும். இவ்வாறு லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் செய்யப்பட்ட குச்சிகள் ரயிலிலும் கப்பலிலும் மீண்டும் ரயிலிலும் பயணம் செய்து யார்க்ஷயர் வந்து சேர்கின்றன. டிராக்ஸில் ஆண்டுக்கு எரிவது அறுபது லட்சம் டன்னுக்கும் மேல். நாட்டின் மின்சாரத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வதே நேர்மை. நிலக்கரியில் உறங்குவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கரிமம். தோண்டாமல் விட்டிருந்தால் அது பூமிக்குள்ளேயே கிடந்திருக்கும். மரத்தில் இருப்பதோ நேற்றுவரை காற்றில் இருந்த கரிமம். எரிக்கும்போது அது காற்றுக்குத் திரும்புகிறது. வெட்டிய இடத்தில் இன்னொரு மரம் வளர்ந்து அதை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு சக்கரம்போல் சுழலும் கணக்கு, ஆகவே மொத்தத்தில் பூஜ்யம். அதோடு, காற்றாலையும் சூரியத் தகடும் தங்களுக்குத் தோன்றியபோதுதான் மின்சாரம் தரும். குளிர்கால மாலையில் காற்று விழுந்துவிட்டால், கேட்டவுடன் மின்சாரம் தர ஏதாவது ஒன்று வேண்டும். மரக்கிடங்கு இருந்தால் அது முடியும். தாங்கள் வாங்குவது மர அறுவை ஆலைகளின் தூளும் கழிவும், தோட்டங்களில் நெருக்கம் குறைப்பதற்காக வெட்டப்படும் மெல்லிய மரங்களும், தச்சுக்கு உதவாத கோணல் மரங்களுமே என்று அத்தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அந்நாள் வந்ததில் டிராக்ஸின் மாற்றத்திற்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் புகைபோக்கியில் நின்று பார்த்தால் காட்சி வேறு. ஒரு டெராஜூல் வெப்பம் பெற நிலக்கரியை எரித்தால் வெளியேறும் கரியமில வாயு சுமார் 95 டன். இயற்கை வாயு என்றால் 56 டன். விறகு என்றால் 112 டன். ஐ.நா.வின் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐபிசிசி, நாடுகள் தங்கள் கணக்கை எழுதுவதற்காகத் தந்துள்ள எண்கள் இவை. காரணம் எளிது. மரம் ஏற்கெனவே பாதி எரிந்த பொருள்போல ஆக்சிஜனைத் தன்னுள் கொண்டது. எடைக்கு எடை, நிலக்கரியைவிடக் குறைந்த வெப்பமே அதிலிருந்து கிடைக்கும். டிராக்ஸின் புகைபோக்கியிலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பிரிட்டனில் ஒரே இடத்திலிருந்து இவ்வளவு வெளியேற்றும் வேறு எதுவும் இல்லை. ஆனால் நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கில் அந்த ஒரு கோடிக்கு நேராக எழுதப்படுவது பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. தொடக்கத்தில் அது நல்லதோர் ஏற்பாடுதான். ஒவ்வொரு நாடும் இரண்டு பேரேடுகள் வைத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வோம். ஒன்று எரிசக்திப் பேரேடு, மற்றது நிலமும் காடும் பற்றிய பேரேடு. ஒரு மரம் வெட்டப்பட்டதும் அதிலிருந்த கரிமம் காட்டுப் பேரேட்டில் பற்றாக எழுதப்பட்டுவிடுகிறது. அதே மரம் அடுப்பில் எரியும்போது எரிசக்திப் பேரேட்டிலும் எழுதினால் ஒரே செலவை இருமுறை எழுதியதாகிவிடும். எனவே அடுப்பின் பக்கத்தில் மொத்தத்தில் சேர்க்காமல் ஓரத்தில் குறித்துவைத்தால் போதும் என்று விதி செய்தார்கள். இரண்டு பேரேடுகளும் ஒரே வீட்டில், ஒரே கணக்குப்பிள்ளையின் கையில் இருக்கும்வரை இதில் குறை காண இடமில்லை.

மரம் கடல் கடக்கும்போதுதான் சிக்கல். எரிசக்திப் பேரேடு பிரிட்டனில் இருக்கிறது, காட்டுப் பேரேடு அமெரிக்காவில். கியோட்டோ உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அமெரிக்கா அதைக் கடைசிவரை உறுதிசெய்யவில்லை. ஆகவே அதன் காட்டுப் பேரேட்டில் எழுதப்பட்ட பற்றுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை. மேலும், அமெரிக்கக் காடுகள் மொத்தத்தில் ஆண்டுதோறும் கரிமத்தைச் சேர்த்துக்கொண்டே வருகின்றன; அந்தப் பெரிய வரவில் இந்தப் பற்று கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. கணக்கை இருமுறை எழுதக்கூடாது என்பதற்காகச் செய்த விதி, ஒருமுறைகூட எழுதாமல் தப்பிக்கும் வழியாக மாறிப்போனது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் 2020க்குள் தன் எரிசக்தியில் ஐந்தில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டமியற்றி, மரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதே 2009ஆம் ஆண்டு அக்டோபரில் டிமதி சர்ச்சிங்கரும் அவரோடு பல அறிவியலாளர்களும் 'சயன்ஸ்' இதழில் இந்தக் கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்திவிடக்கூடிய பிழைதான் என்றும் எழுதினார்கள். திருத்தப்படவில்லை. சட்டத்தை நம்பி ஆலைகளும் துறைமுகங்களும் எழுந்தன. இன்றும் ஐரோப்பா புதுப்பிக்கத்தக்கது என்று கணக்கில் காட்டும் ஆற்றலில் சரிபாதிக்கும் மேல் உயிர்ப்பொருள்களை எரித்துப் பெறுவதுதான். அவற்றில் பெரும்பங்கு மரம்.

நிற்க. கணக்கு பிழையானது என்றாலும், வெட்டிய மரம் மீண்டும் வளரும் என்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். எப்போது வளரும் என்பதுதான் கேள்வி. முப்பது ஆண்டுகளில் ஒரு பைன் மரம் துளித்துளியாகச் சேர்த்த கரிமம், பொடியாகிக் கொதிகலனுக்குள் ஊதப்பட்டதும் சில நொடிகளில் வெளியேறிவிடுகிறது. அதை மீண்டும் சேர்க்க இன்னும் ஒரு முப்பதாண்டு வேண்டும். அதுவும் அந்நிலம் காடாகவே விடப்பட்டு, தீயோ பூச்சியோ புயலோ தாக்காமல் இருந்தால். இதைத்தான் ஆய்வாளர்கள் கரிமக் கடன் என்கிறார்கள். நம் ஊரில் கடன் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. திருப்பிக் கொடுக்கப்படும் என்பதனால் மட்டும் கடன் வருமானமாகிவிடாது. தவணை எத்தனை ஆண்டு, அதுவரை வட்டியைச் சுமப்பது யார் என்று கேட்காமல் யாரும் பத்திரத்தில் கையெழுத்திடுவதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இக்கேள்வியை நேராகக் கேட்டது. அதன் வேண்டுகோளின்பேரில் மேனோமெட் என்னும் ஆய்வு மையம் 2010இல் தந்த விடை, விறகு நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்லவில்லை. எண்ணெய்க்குப் பதிலாக விறகை எரித்து வீடுகளையும் கட்டிடங்களையும் சூடாக்கினால் கடன் ஐந்து ஆண்டுகளில் அடைந்துவிடும். நிலக்கரிக்குப் பதிலாக மின்சாரம் எடுத்தால் இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். இயற்கை வாயுவுக்குப் பதிலாக மின்சாரம் எடுத்தால் தொண்ணூறு ஆண்டுகளும் போதாது. அதே மாநிலத்தின் மரம், அதே தீ. எதற்குப் பதிலாக, எந்த வேலைக்கு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறுகிறது. பின்னர் 2018இல் ஜான் ஸ்டெர்மனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கணிப்பில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளை முற்றாக வெட்டி, நிலக்கரிக்குப் பதிலாக அம்மரத்தில் மின்சாரம் எடுத்தால், காட்டின் வகையைப் பொறுத்துக் கடன் அடைய 44 முதல் 104 ஆண்டுகள் ஆகும் என்று கண்டார்கள். 2050க்குள் வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோம் என்று பிரிட்டன் சட்டமே செய்திருக்கிறது. 2014இல் எரித்த மரத்தின் கடன் 2058இல் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏதோ ஓர் ஆண்டில் தீரும் என்றால், அந்த வாக்குறுதிக்கு அதனால் என்ன பயன்? இடைப்பட்ட காலத்தில் உருகிய பனியும் அழிந்த பவளமும் கடன் தீர்ந்த அன்று திரும்பி வந்துவிடப் போவதில்லை.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. ஒரு மரத்தைப் பார்க்காதீர்கள், முழுக் காட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் வெட்டும்போது இன்னொரு பக்கம் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது என்பார்கள். மாதச் சம்பளம் வருகிறது என்பதற்காகச் செலவழித்த பணம் செலவாகவே இல்லை என்று நாம் சொல்வதில்லை. மற்ற மரங்கள் எப்படியும் வளர்ந்திருக்கும். இந்த மரமும் நின்றிருந்தால் இருப்பு இன்னும் கூடியிருக்கும். எனினும் இதே தரப்பின் இன்னொரு வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. அமெரிக்கத் தெற்கில் காடுகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். மரத்திற்கு விலை இல்லையென்றால் சிலர் காட்டை அழித்துப் பருத்தியோ வீட்டு மனையோ போடக்கூடும். சந்தை இருப்பதால் சில காடுகள் காடாகவே இருக்கின்றன என்பது நியாயமான வாதம். எத்தனை ஏக்கர் அப்படிக் காப்பாற்றப்பட்டது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு, மானியம் பெறுகிறவர்களுக்கு இருக்கிறது. பொத்தாம்பொதுவான பூஜ்யம் அந்தப் பொறுப்பிலிருந்தே அவர்களை விடுவித்துவிட்டது என்பதுதான் எங்கள் குறை.

பொறுப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் வந்துவிட்டன. 2022 அக்டோபரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதுவரை மனிதர் பெரிதாகக் கைவைத்திராத முதுகாடுகளில் மரம் வெட்டும் உரிமங்களை டிராக்ஸ் பெற்றிருந்ததைக் காட்டியது. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விசாரித்தது. கனடாவிலிருந்து வந்த மரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதற்குப் போதிய தகவல்களை நிறுவனம் வைத்திருக்கவில்லை என்று கண்டறிய, 2024 ஆகஸ்டில் டிராக்ஸ் இரண்டரைக் கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டது. வேண்டுமென்றே பொய்க்கணக்குக் காட்டியதற்கோ மானியம் தவறாகப் பெற்றதற்கோ சான்றில்லை என்றும் அவ்வமைப்பு சொன்னது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் குளோஸ்டர் என்ற சிற்றூரில் இருக்கும் பெல்லட் ஆலை, அனுமதித்த அளவை மீறி மாசுபட்ட ஆவிகளைக் காற்றில் கலந்ததற்காக 25 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வூரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள், வசதி குறைந்தவர்கள். யார்க்ஷயரில் மின்விளக்கு தூய்மையாக எரிவதற்காகத் தூசியைச் சுவாசிப்பவர் யார் என்ற கேள்வி எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இனி எங்கள் முதுகுளத்தூர் நண்பரின் கட்சி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கண் எட்டிய தூரம்வரை நிற்கும் சீமைக் கருவேலம் நம் வாசகர்கள் அறியாததல்ல. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் வேலிக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவரப்பட்டு, பின்னர் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. வெட்ட வெட்டத் துளிர்ப்பது. மூன்று நான்கு ஆண்டுகளில் மீண்டும் வெட்டுக்கு வந்துவிடும். மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றும், விறகாக வெட்டிக் கொடுத்தும் எத்தனையோ நிலமற்ற குடும்பங்கள் பஞ்ச காலங்களைத் தாண்டியிருக்கின்றன. அந்த முள்விறகை நம்பி இம்மாவட்டங்களில் சிறு மின் நிலையங்களும் எழுந்தன. விறகு விலை கட்டாமல் நின்றுபோனவையும் உண்டு. எங்கள் நண்பர் கேட்டது இதைத்தான். அடிமரம் இருக்க, அடுத்த ஆண்டே துளிர்த்து நான்காம் ஆண்டில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் முள்ளுக்கும், நூறாண்டு வளர்ந்த கனடாவின் மரத்துக்கும் ஒரே தீர்ப்பா?

ஒரே தீர்ப்பு இல்லை. கடன் என்ற அளவுகோலை நாங்கள் ஏற்றுக்கொண்டால் நண்பரின் கட்சியே வெல்கிறது. நான்கு ஆண்டில் அடையும் கடன், பக்கத்து ஊரிலிருந்து லாரியில் வரும் விறகு, கூலி உள்ளூரிலேயே தங்கும் தொழில். மாசசூசெட்ஸின் ஐந்தாண்டு வரிசையில் வைக்கத்தக்கது அது. ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு விழுகிறது. கண்மாய்களில் இம்மரத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றுமாறு உத்தரவிட்டது, பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. கண்மாய்க்கு வேண்டியது மரத்தைத் தூரோடு பிடுங்குவது. மின் நிலையத்துக்கு வேண்டியதோ தூரை விட்டுவிட்டு வெட்டுவது. பிடுங்கினால் எரிபொருள் ஒருமுறைதான். இருபதாண்டுக் கடனில் கட்டிய நிலையத்துக்கு அது போதாது. ஒரு களையை எரிபொருளாக்கிய நாளிலிருந்து அந்தக் களை அழியாதிருப்பதில் ஒருவருக்கு ஆதாயம் உண்டாகிவிடுகிறது. எங்கள் நண்பரும் இதை ஒப்புக்கொண்டார். கரிக்காரர்களின் பிழைப்பையும் கண்மாயின் தண்ணீரையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி என்னவென்று அவர் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் ஆயத்தமான பதில் இல்லை. அகற்றும் பணியையே பல ஆண்டு வேலையாக்கி, அந்த விறகை அவர்களிடமிருந்து நியாய விலைக்கு வாங்குவது முதற்படியாக இருக்கலாம் என்பது மட்டுமே இப்போது எங்களுக்குத் தோன்றுவது.

இந்த இடத்தில் வட இந்தியாவையும் பார்ப்பது பொருத்தம். நிலக்கரி மின் நிலையங்கள் தங்கள் எரிபொருளோடு ஐந்து சதவீத அளவில் உயிர்ப்பொருள் குச்சிகளையும் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021இல் தன் கொள்கையைத் திருத்தியது. இங்கே குறிவைக்கப்பட்டது காடு அல்ல. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடைக்குப் பின் வயலிலேயே கொளுத்தப்படும் நெல் தாள். அது கொதிகலனில் எரியாவிட்டால் வயலில் எரிந்து தில்லியின் நுரையீரலில் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டிலும் வெளியேறும் கரியமில வாயு ஒன்றே என்றாலும், ஒன்றில் மின்சாரம் கிடைக்கிறது. சுவீடனில் அறுவை ஆலைக் கழிவையும் மரத்தின் நுனிக்கிளைகளையும் எரித்து, மின்சாரத்தோடு வெந்நீரையும் குழாய்வழியே ஊர் முழுவதும் அனுப்பி வீடுகளைச் சூடாக்குகிறார்கள். எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி அங்கே பயனாகிறது. டிராக்ஸ் போன்ற மின் நிலையத்திலோ ஐந்தில் மூன்று பங்கு வெப்பம் குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே வானத்துக்குப் போய்விடுகிறது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது, விறகைப் பற்றி எவர் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். இது எரிக்கப்படாவிட்டால் இதற்கு என்ன ஆகியிருக்கும்? எரித்தது மீண்டும் வளர்ந்து சேர எத்தனை ஆண்டு? எதற்குப் பதிலாக, எந்தப் பயனுக்காக எரிக்கிறோம்? நெல் தாளும் அறுவைத் தூளும் சீமைக் கருவேலமும் இக்கேள்விகளுக்கு ஓரளவு தலைநிமிர்ந்து பதில் சொல்லும். கப்பலேறி வரும் முழு மரம் தலைகவிழ்ந்து நிற்கும். இக்கேள்விகளைக் கேட்க வேதியியல் பட்டம் தேவையில்லை. பற்று வரவு எழுதத் தெரிந்தால் போதும்.

கேள்விகளின் எடையை அரசுகளும் மெல்ல உணர்வதாகவே தெரிகிறது. 2018இல் ஏறத்தாழ எண்ணூறு அறிவியலாளர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும், 2021இல் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, கொரியத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார்கள். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தைத் திருத்தி, அறுப்பு மரத்தையும் வேரையும் அடிக்கட்டையையும் எரிப்பதற்கு நேரடி ஆதரவு தருவதைக் கட்டுப்படுத்தியது. உலகின் மிகப் பெரிய பெல்லட் உற்பத்தியாளராக இருந்த அமெரிக்காவின் என்விவா நிறுவனம் 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு, 2027 முதல் 2031 வரை டிராக்ஸுக்கான ஆதரவை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்போவதாகவும், நிலையம் தேவைப்படும் நேரங்களில் மட்டுமே இயங்க வேண்டும் என்றும் அறிவித்தது. சரியான திசையில் வைக்கப்பட்ட அரை அடி இது. பூஜ்யம் மட்டும் இன்னும் பேரேட்டில் அப்படியே இருக்கிறது.

தொடங்கிய சொல்லுக்கே திரும்புவோம். 'புதுப்பிக்கத்தக்க' என்பதில் உள்ள 'தக்க' ஒரு சாத்தியத்தை மட்டுமே சொல்கிறது. உண்ணத்தக்கது எல்லாம் உண்ணப்பட்டது ஆகாது. அடைக்கத்தக்க கடன் அடைக்கப்பட்ட கடனும் ஆகாது. சூரிய ஒளியைப் பொறுத்தவரை இந்த இடைவெளி ஒரு பொருட்டே அல்ல, நாளைக் காலை அது தானாகவே வந்துவிடும். மரத்தைப் பொறுத்தவரை அந்த இடைவெளி ஒரு மனித ஆயுளின் நீளம். ஆங்கிலத்திலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்த இடைவெளியை மறைக்கும் வசதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆனால் நம் சொல்லில் அந்த வேறுபாடு வெளிப்படையாகவே நிற்கிறது, கவனித்துப் படித்தால் போதும். மரத்தைப் பற்றி எழுதும்போதேனும் 'புதுப்பிக்கத்தக்க' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் எத்தனை ஆண்டுகளில் என்றும் எழுதுவது என எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். வாசகர்களும் அடுத்த முறை அச்சொல்லைக் காணும்போது அந்த எண் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டுகிறோம். எண் இல்லாத இடத்தில் யாரோ ஒருவருடைய கடன் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.